பிஐ-1: பழி எஞ்சின்மீது விழலாமா?

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 163 ராக்கெட் விமானம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அதற்கு முன்பே சோவியத் ஒன்றியம் பிஐ-1 என்ற ராக்கெட் போர்விமானத்தைப் பறக்கவிட்டதாகவும், எஞ்சின் கோளாறால் விமானி இறந்ததும் அதைக் கைவிட்டதாகவும் நண்பர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

முந்திக்கொண்டது ஜெர்மனிதான். ஜெர்மன் விமானி ஹைனி டிட்மர் 1941 அக்டோபர் 2 அன்றே 163ஏ விமானத்தில் மணிக்கு 1,004 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். பிஐ-1 ராக்கெட் விசையில் முதன்முதலாகப் பறந்தது 1942 மே 15 அன்று. ஆனால் 163ஏ ஆயுதமற்ற சோதனை விமானம். சோவியத் பொறியாளர்கள் பெரெஸ்னியாக்கும் இசாயெவும் வரைந்த பிஐ-1, ஆயுதம் தாங்கும் போர்விமானமாகவே தொடக்கத்திலிருந்து திட்டமிடப்பட்டது.

எஞ்சின்மீது உங்கள் நண்பருக்கு எழும் ஐயத்தில் நியாயமில்லாமல் இல்லை. நைட்ரிக் அமிலமும் மண்ணெண்ணெயும் சேர்ந்து எரியும் அந்த எஞ்சினில் அமிலம் குழாய்களையும் இணைப்புகளையும் அரித்துக்கொண்டே இருந்தது. மாஸ்கோவை ஜெர்மன் படை நெருங்கியபோது உரால் பகுதியின் பிலிம்பாய்க்கு இடம்பெயர்ந்த அந்த வடிவமைப்புக் குழு, 1942 பிப்ரவரியில் நடத்திய தரைச்சோதனையொன்றில் எஞ்சின் வெடித்து, விமானி பக்சிவாந்ஜியே காயமுற்றார். முழுவிசையில் இரண்டு நிமிடம் எரிவதற்கே எரிபொருள் போதுமானதாக இருந்தது. அதன்பின் எஞ்சினற்ற கிளைடரைப் போல இறங்க வேண்டியதுதான். (போர்க்களத்தில் இது எவ்வளவு பயன்படும் என்பது எனக்கு எப்போதும் ஐயமே.)

எனினும் 1943 மார்ச் 27 அன்று பக்சிவாந்ஜியைக் கொன்றது இந்த எஞ்சின் அல்ல. அதிவேகத்தில் அவர் ஓட்டிச்சென்ற, பிஐ வரிசையின் மூன்றாவது விமானம் திடீரென மூக்கைத் தாழ்த்தித் தரையில் மோதியது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இறக்கையின் மேல் காற்றின் அழுத்தப் பரவல் மாறி, விமானத்தைத் தலைகுப்புறத் தள்ளுகிறது என்பதும், அப்போது கட்டுப்பாட்டுக் கருவிகளால் அதை மீட்க முடியாது என்பதும் புதிய அதிவேகக் காற்றுச் சுரங்கத்தில் (காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் கூடத்தில்) விமான மாதிரிகளைச் சோதித்த பிறகே விளங்கின. அவ்வேகத்தில் என்ன நிகழும் என்று சொல்லக்கூடிய கருவி விபத்துக்கு முன் அக்குழுவிடம் இல்லை.

உடனே கைவிடவும் இல்லை. பெருமளவில் உற்பத்தி செய்வது மட்டும் நின்றது. சோதனைகள் 1945 வரை நீண்டன. அக்குழுவில் விமான வடிவமைப்பாளராக இருந்த இசாயெவ், எஞ்சினின் குறைகளைப் பொறுக்காமல் எஞ்சின் துறைக்கே மாறினார். 1961 ஏப்ரல் 12 அன்று ககாரினின் வஸ்தோக் விண்கலத்தை வேகங்குறைத்துப் பூமிக்குத் திருப்பியது அவருடைய குழு உருவாக்கிய எஞ்சின்.