ரிப்போர்ட் நார்மல் ஆகிவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: வயது 34. ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸுக்கு எட்டு மாதமாகப் பிரெட்னிசோலோன், அசாதையோபிரின் சாப்பிட்டேன். முகம் உப்பிவிட்டது, பரு, முடி உதிர்வு, மூட்டு வலி வேறு. ரிப்போர்ட் நார்மலாக வந்ததால் பத்து நாளாக மாத்திரையை விட்டுவிட்டு, கல்லீரலைச் சுத்தம் செய்யும் மூலிகைப் பொடி எடுக்கிறேன். கடைசியில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைதான் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. என் பிள்ளைகளுக்கும் வருமா?

பதில்: முதலில் பொடியை நிறுத்துங்கள். உங்கள் மருத்துவரிடம் இன்றே பேசி, மாத்திரையை விட்டதைச் சொல்லுங்கள். பிரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு. எட்டு மாதம் அதை எடுத்த உடம்பில், இயற்கையாக ஸ்டீராய்டு சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரை போகலாம். எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று அவர் சொல்லட்டும்.

உங்கள் ரிப்போர்ட்டை நார்மலாக்கியதே அந்த மாத்திரைதான். நோய் எதிர்ப்பு செல்கள் உங்கள் கல்லீரல் செல்களையே எதிரி என்று தாக்குகிற நோய் இது. தாக்குதல் நீடித்தால் தழும்பு விழுந்து சிரோசிஸ் ஆகும். அதனால் ஏஎல்டி (கல்லீரல் செல் சேதத்தைக் காட்டும் ரத்த அளவு), ஐஜிஜி (நோய் எதிர்ப்புப் புரதத்தின் அளவு) இரண்டும் இயல்புக்கு வந்த பிறகும் குறைந்தது 2 ஆண்டு மருந்தைத் தொடர்கிறோம். அப்படித் தொடர்ந்து நிறுத்தியவர்களிலேயே பலருக்குத் திரும்புகிறது, அதுவும் பல நேரம் வலியே இல்லாமல்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். மருந்துக்குக் கட்டுப்பட்டு, அதை விடாமல் எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. உங்களுக்கு மருந்து வேலை செய்திருக்கிறது. இணையத்தில் நீங்கள் படித்ததைவிட இது எவ்வளவோ நல்ல செய்தி, அதை வீணாக்காதீர்கள்.

பயப்பட வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு. கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகி, சிறுநீர் அடர் பழுப்பாகப் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ஏஎல்டி மட்டும் பார்த்தால் போதாது, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆரும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையத் தேவையான புரதங்களைக் கல்லீரல் செய்கிறதா என்பது அதில்தான் தெரியும். மஞ்சளோடு பேச்சு குழறினால், பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருந்தால், அது கல்லீரல் கெட்டு மூளை குழம்புவதன் அறிகுறி, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதை உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள். குழப்பம் வந்தவருக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது. கவலையில் தூக்கம் வராமல் புரள்வது வேறு, அதை இதோடு சேர்க்காதீர்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். உப்பிய முகமும் பருவும் ஸ்டீராய்டின் வேலை, அளவு குறையக் குறைய அடங்கும். சிரோசிஸ் இல்லையென்றால் பியூடசனைடு என்ற வேறொரு ஸ்டீராய்டு ஒத்துவருமா என்று கேளுங்கள், அதில் இந்தத் தொல்லைகள் குறைவு. மூட்டு வலி இந்த நோயோடு வருவதுதான். முடி உதிர்வதையும் சொல்லுங்கள், ஆனால் அதற்காக மருந்தை விடாதீர்கள். இது தொற்றாது. அறிகுறி ஏதும் இல்லாத பிள்ளைகளுக்குப் பரிசோதனையும் வேண்டாம்.

அந்தப் பொடிக்கு வருவோம். சில மூலிகைகளே கல்லீரலில் அச்சு அசலாக இதே மாதிரி அழற்சியைக் கிளப்பும். அப்புறம் திரும்பியது நோயா, பொடி செய்த கேடா என்று பிரித்தறிவது எங்களுக்கே கஷ்டம். போகும்போது அந்த பாக்கெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.