அண்ணனின் தட்டும் உன் பந்தும்

கேள்வி: அக்கா, எனக்கு 13 வயது, உயர்நிலை ஒன்று படிக்கிறேன். பள்ளியில் பெண்கள் காற்பந்துக் குழு இருக்கிறது, இணைப்பாட நடவடிக்கைக்கு அதில் சேர ஆசை. வெயிலில் ஆடிக் கறுத்துப் போனால் யார் கட்டிக்கொள்வார்கள் என்கிறார் பாட்டி. அம்மா நடனத்தில் சேரச் சொல்கிறார். சாப்பிட்டதும் என் 16 வயது அண்ணன் எழுந்து போய்விடுவான், அவன் தட்டையும் நான்தான் கழுவுகிறேன். பேசாமல் ஆணாகவே பிறந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.
- ஈசூன் வாசகி

பதில்: கண்ணு, உன் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அதே வயதில், அதே வரியை நானும் நினைத்திருக்கிறேன். என் அண்ணன் பந்தாடிவிட்டு வந்து வாசலில் கழற்றிப்போடும் காலணியைக் குளியலறைக் குழாயடியில் வைத்து, அடிப்பாகத்தில் அப்பியிருக்கும் சேற்றையும் புல்லையும் பழைய பல்துலக்கியால் நோண்டி எடுப்பது என் வேலை. அந்தக் காலணியை ஒருநாள்கூட நான் போட்டுப் பார்த்ததில்லை. வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதும் இல்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

நீ கேட்டுவிட்டாய். மைதானத்தில் ஓர் இடமும் சாப்பிட்டபின் கொஞ்சம் ஓய்வும் கிடைக்க எதற்கம்மா ஆணாகப் பிறக்க வேண்டும்? பெண்ணாகவே இருந்து கேள்.

நிறத்தைப் பற்றிப் பாட்டி சொல்வது உனக்கு வலிக்கும், தெரியும். அவர் காலத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் நிறத்தைத்தான் முதலில் பேசினார்கள், அந்தப் பயம் அவரை இன்னும் விடவில்லை. அவரிடம் சண்டை போடாதே, ஆனால் சொன்னதை நம்பவும் நம்பாதே. 2023-இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் சாந்தி பெரேரா தங்கம் வாங்கினாரே, அந்த ஓட்டத்தைப் பாட்டியோடு உட்கார்ந்து பார். 1974-க்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் திடல்தடத்தில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. நம் ஊர் வெயிலில் ஓடிப் பழகிய பெண். அவர் கோட்டைத் தாண்டும்போது பாட்டியின் முகத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்.

அம்மா விஷயம் வேறு. 'வீட்டில் இப்படித்தான்' என்று அவர் சொல்வதெல்லாம் மாறாத விதி என்று நினைத்துவிடாதே. 1979-இல் இங்கே மருத்துவப் படிப்பில் சேரும் மாணவர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். பெண் மருத்துவர்கள் கல்யாணம், குழந்தை என்று பாதியில் வேலையை விட்டுவிடுவார்கள் என்பது அப்போது சொன்ன காரணம். இடம் கிடைத்திருக்க வேண்டிய எத்தனை பேர் வேறு படிப்புக்குப் போனார்களோ! இது நியாயமா என்று விடாமல் கேட்டவர்கள் இருந்தார்கள், 2003-இல்தான் அந்த வரம்பு போனது. உன் அம்மா இளம்பெண்ணாக இருந்த காலம் வரைக்கும் இருந்த விஷயம் இது. அவருக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பார், பேச்சைத் தொடங்க அதுவே போதும்.

பாட்டி முன்னால் வேண்டாம். அம்மா துணி மடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீயும் மடித்துக்கொண்டே, 'அம்மா, ஒரு தவணை மட்டும் காற்பந்துக்குப் போய்ப் பார்க்கிறேன், எனக்கு நிஜமாகவே ஆசை' என்று சொல். பயிற்சி எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு வீடு திரும்புவாய், யாரோடு வருவாய் என்பதையும் முன்பே விசாரித்து வைத்துக்கொள். அம்மாக்களின் பயத்தில் பாதி இந்த விவரம் தெரியாததால் வருவது. அப்படியும் முடியாது என்றால் பயிற்சியாளரையோ பள்ளி ஆலோசகரையோ அம்மாவிடம் பேசச் சொல், வெட்கப்படாதே.

அப்புறம் அந்தத் தட்டு. இன்றிரவு உன் தட்டை மட்டும் கழுவி வை. அண்ணனிடம் முகம் தூக்காமல், 'உன் தட்டு மேசையில் இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போ. முதல் இரண்டு நாள் அம்மா கழுவுவார், பாட்டி முணுமுணுப்பார். பொறுத்துக்கொள். தட்டு கழுவத் தெரியாமல் வளர்ந்தால் நாளைக்குத் தனியாக இருக்கும்போது கஷ்டப்படப்போவது உன் அண்ணன்தான். அவன் கெட்டவன் இல்லை, இதுவரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். உனக்குப் பந்து தட்டக் கற்றுத்தரச் சொல்லிக் கேள், புளோக் கீழே அரை மணி நேரம் போதும். அவனுக்கே பெருமையாக இருக்கும்.

நடனம் பிடித்தால் அதையும் ஆடு, பிடிக்காவிட்டால் விடு. சத்தமாகச் சிரிக்க வந்தால் சிரி. காற்பந்துக் குழுவுக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்குப் போகும்போது காலுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள், ஈரமானால் கொப்புளம் வரும். எந்த இடத்தில் ஆட விட்டார்கள் என்று எனக்கு எழுது.