அறுகைப் பிடுங்காதீர்கள்

கேள்வி: அக்கா, போன ஆனியில் முன் முற்றத்துக்கு மலேசியன் புல் பதித்தோம். ஐப்பசி மழைக்குக் கம்பளம் மாதிரி இருந்தது. இப்போது மாசி வெயிலில், பின்னேரம் தவறாமல் தண்ணீர் அடித்தும், காய்ந்து வைக்கோலாகிவிட்டது. நடுவே தானாக முளைத்த அறுகு மட்டும் பச்சையாக நிற்கிறது. அதைப் பிடுங்கிவிட்டுப் புதுப்புல் போடட்டுமா?
வாசகி, தெஹிவளை

பதில்: தங்கச்சி, அறுகில் கை வைக்காதீர்கள்.

கொழும்பில் வருடத்துக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஆனாலும் தையும் மாசியும் புல்லைச் சோதித்துவிடும். மலேசியன் புல்லும் அறுகும் வெப்ப நாட்டுப் புற்கள்தான். கரும்பு, சோளம் போல, குடிக்கும் தண்ணீருக்குக் கூடுதலாக வளரும் சாதி. வித்தியாசம் வேரில் இருக்கிறது. மலேசியன் புல்லுக்கு வேர் மேலோட்டம், கொடியும் பெரும்பாலும் தரைக்கு மேலேயே ஓடும். அறுகுக்கு மேலே ஒரு கொடி, மண்ணுக்குள்ளே ஒரு தண்டு. மேலே கருகினாலும் உள்ளே தண்டு உயிரோடு கிடந்து, மழை கண்டதும் தளிர்க்கும். கலியாண வீட்டில் 'ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிறோமே, மண்ணைக் கிளறிப் பார்த்தவர்கள் சொன்ன சொல் அது. வெளிநாடுகளில் கொல்ஃப் மைதானங்களுக்குப் போடும் பெர்முடா புல்லும் இந்த அறுகுச் சாதிதான்.

பின்னேரத் தண்ணீர் விஷயத்தில் நானும் அதே பிழை விட்டவள். வெள்ளவத்தை வீட்டில் ஒரு மாசி முழுக்க நாளுக்கு 10 நிமிடம் ஹோஸ் பிடித்தேன். புல் காய்ந்துகொண்டே வந்தது. ஒருநாள் பழைய கத்தியால் ஒரு பாண் துண்டு அளவுக்கு வெட்டிக் கிளப்பினேன். மேலே ஒரு விரற்கணு அளவுக்குத்தான் மண் கறுத்து ஈரமாக இருந்தது. அதற்குக் கீழே வெறும் மணல், பொலபொலவென்று உதிர்ந்தது. வேரெல்லாம் அந்த ஒரு கணுவுக்குள்ளேயே பின்னிக் கிடந்தது. ஈரம் இல்லாத இடத்துக்கு வேர் எப்படி இறங்கும்? அன்றைக்கு மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

அதனால் தினமும் நனைப்பதை விடுங்கள். வெறும் மீன் டின் ஒன்றைப் புல்லின் நடுவே வைத்து, அதில் அரை அங்குலம் தண்ணீர் சேரும்வரை தெளியுங்கள். விடியற்காலையில், கிழமைக்கு 2 தரம். கடற்கரை மணலுக்கு இது காணும். கபூக் மண் (இறுகிய செம்பூறாங்கல் மண்) என்றால் வழிந்தோடிவிடும், நிறுத்தி நிறுத்தி விட வேண்டும். நடந்தால் கால்தடம் நிமிராமல் அப்படியே கிடக்கிறதா, இலை மடிந்து சாம்பல் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதுதான் புல் தண்ணீர் கேட்கும் நேரம்.

மலேசியன் புல்லை 2 அங்குலத்துக்குக் கீழே வெட்ட வேண்டாம். மழை வரும்வரை யூரியாவும் வேண்டாம்.

சரி, காய்ந்தது செத்துவிட்டதா? அடித்தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தால் சித்திரை மழைக்குத் துளிர்விடும். நொறுங்கினால் அந்த இடத்தை மட்டும் மாற்றினால் போதும். மர நிழல் இருந்தால் அங்கே மலேசியன் புல்லே இருக்கட்டும், அறுகு நிழல் தாங்காது. வெயில் விழும் இடத்தை அறுகுக்கு விடுங்கள். வைகாசி மழை தொடங்கியதும் கொடியைக் கணுவோடு நறுக்கிச் சாணுக்கு ஒன்றாக ஊன்றுங்கள். அப்புறம் பிள்ளையாருக்கும் வீட்டு முற்றத்திலேயே கிள்ளலாம்.