பாஸ், மஸ்கி: எப்போது எந்த லூர்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஜூன் நெருங்கினால் ஒன்ராறியோவில் தூண்டில் போடுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இப்ப எந்த லூர் ஓடுது?" லூர் என்றால் மீனை ஏமாற்றும் செயற்கை இரை. பாஸும் மஸ்கியும் இங்குள்ள நன்னீர் வேட்டை மீன்கள், மஸ்கி மிகப் பெரியது. பெயர் சொல்வது சுலபம். தண்ணீரின் சூடு எவ்வளவு, பாசி பச்சையா பழுப்பா என்று தெரியாமல் சொன்னால் அந்தப் பெயரால் ஒரு பயனும் இல்லை. கீழே வெப்பநிலை அடிக்கடி வருவது அதனால்தான். டிகிரி எல்லாம் செல்சியஸ்.

கேள்வி: மே மாதத்தில் கரையோரம் பெரிய பாஸ்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. பிடித்துவிட்டு உடனே விட்டால் தப்பா?

தப்புத்தான். ஒன்ராறியோவில் மூடிய பருவத்தில் ஒரு மீனைக் குறிவைத்துப் பிடிப்பதே சட்டவிரோதம். திரும்ப விடுகிறேன் என்பது சாக்காகாது. தண்ணீர் 15 முதல் 18 டிகிரிக்கு வரும்போது ஆண் பாஸ் வாலால் தரையைத் துடைத்துக் கூடு அமைக்கிறது. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் ஆண்தான், ஊரில் விரால் தன் பார்ப்பைக் காப்பதுபோல. அதை இரண்டு நிமிடம் படகுக்குள் வைத்திருந்தாலே போதும், சன்ஃபிஷும் பேர்ச்சும் வந்து கூட்டைக் காலி செய்துவிடும். திறக்கும் தேதி வலயத்துக்கு வலயம் வேறுபடும். மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் மீன்பிடி விதித் தொகுப்பில் உங்கள் ஏரி எந்த வலயத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பருவம் திறந்த முதல் வாரம் கவார்த்தா ஏரிகளில் லார்ஜ்மௌத் பாஸுக்கு எதைப் போடுவது?

அந்த நேரத்தில் பெண் மீன் முட்டையிட்டுக் களைத்துப்போய், கூடு இருந்த குடாவுக்கு வெளியே வரும் முதல் பாசி ஓரத்திலும் படகுத்துறைகளின் நிழலிலும் கிடக்கும். துரத்திப் பிடிக்கும் தெம்பு அதற்கு இராது. மெதுவாக விழுகிற இரைதான் வேண்டும். 5 அங்குலச் சென்கோ வகை மென் பிளாஸ்டிக் புழுவை நடுவில் ரப்பர் வளையம் போட்டு, வளையத்துக்குள் 1/0 அளவு முள்ளைச் செருகுங்கள். ஈயம் வேண்டாம். 7 அடி மீடியம் ஸ்பின்னிங் றொட், 10 இறாத்தல் பிரெய்ட் (பின்னல் நூல்), முன்னால் 8 அல்லது 10 இறாத்தல் ஃப்ளோரோகார்பன் நூல் போதும்.

இதில் பலரும் கெடுத்துக்கொள்வது எறிந்த பிறகுதான். புழு தண்ணீரில் விழுந்ததும் நூலை இழுத்துப் பிடித்தால் அது நேராகக் கீழே போகாமல் ஊஞ்சல்போல உங்களை நோக்கி வளைந்து வரும். இரு முனையும் துடிக்கிற அந்த ஆட்டம் போய்விடும். நூலைத் தளர விடுங்கள். கையில் ஒன்றும் உணரமாட்டீர்கள், ஆகவே கண் நூலிலேயே இருக்கட்டும். நூல் ஒரு சிறு வெட்டு வெட்டினாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ, தரை வருமுன் நின்றுவிட்டாலோ மீன் வாயில் வைத்துவிட்டது. தளர்வைச் சுற்றி எடுத்துவிட்டு றொட்டைப் பக்கவாட்டில் வீசி இழுங்கள். ஒன்றும் இல்லையென்றால் இரண்டு அடி தூக்கி மறுபடி விழ விடுங்கள். மூன்றாம் முறையும் தொடவில்லையென்றால் வேறு இடத்தில் எறியுங்கள். அங்கேயே அரைமணி நேரம் குலுக்குவது வீண்.

கேள்வி: தவளை லூருக்குப் பத்து அடி விழுந்தால் இரண்டுதான் மாட்டுகிறது. ஏன்?

பெரும்பாலும் அவசரம். தண்ணீர் சிதறியதும் கை தானாக இழுத்துவிடுகிறது. மீன் அப்போது வாயை மூடியிருக்காது. தவளை மறைந்து, நூலில் பாரம் தெரிந்த பிறகு இழுங்கள். அடுத்து முள்ளைப் பாருங்கள். புதுத் தவளையில் இரண்டு முள் முனைகளும் உடம்போடு ஒட்டியே இருக்கும். குறடால் மிகச் சிறிதளவு வெளியே வளைத்துவிட்டால் வித்தியாசம் தெரியும். அளவுக்கு மேல் வளைத்தால் பாசியை அள்ளிக்கொண்டு வரும். உடம்புக்குள் புகுந்த தண்ணீரை இடையிடையே பிழிந்து விடுங்கள், கனத்த தவளை பின்பக்கம் தாழ்ந்து கிடக்கும்.

தங்கூசி இதற்கு உதவாது, இழுவையில் நீண்டுவிடும். 50 முதல் 65 இறாத்தல் பிரெய்ட்டை நேரடியாகக் கட்டி, 7 அடிக்கு மேற்பட்ட ஹெவி றொட்டில் போடுங்கள். அடித்துத் தவறினால் பாசியில் விழுந்த அதே ஓட்டையில் ஈயமில்லாத புழு ஒன்றை உடனே போடுங்கள். தவளையைத் தவறவிட்ட மீன் பெரும்பாலும் அங்கேயேதான் நிற்கும்.

கேள்வி: சிம்கோ ஏரியில் கோடையில் ஸ்மோல்மௌத் பாஸ் எங்கே போகிறது? கரையோரம் ஒன்றையும் காணோம்.

ஆழத்துக்கு. சிம்கோவின் ஆழமான இடம் 41 மீட்டர். மீன் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆழத்திலிருந்து எழும் பாறை மேடுகளின் 6 முதல் 9 மீட்டர் சரிவைச் சோனாரில் தேடுங்கள். அங்கே அது தின்பது பெரும்பாலும் உருண்டைக் கோபி. கப்பல்களின் நிலைப்புத் தண்ணீரோடு வந்து 1990இல் செயின்ட் கிளெயர் ஆற்றில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட மீன் இது. கோபிக்குக் காற்றுப்பை கிடையாது. தரையில் உட்கார்ந்து, குட்டிப் பாய்ச்சல் பாய்ந்து, மறுபடி உட்காரும். லூரும் அப்படித்தான் நடக்க வேண்டும்: 3.5 அங்குல டியூப் (குழாய் வடிவ மென் லூர்), பச்சைப் பூசணி நிறம், உள்ளே கால் அவுன்ஸ் அல்லது 3/8 அவுன்ஸ் ஜிக் தலை (எடைத் தலையுள்ள முள்). தரையை விட்டுத் தூக்காமல் இழுத்து, நிறுத்தி, இழுங்கள்.

சோனாரில் மீன் தெரிந்தும் டியூபைத் தொடவில்லையென்றால் ட்ராப் ஷாட், அதாவது எடை கீழேயும் முள் அதற்கு மேலேயும் இருக்கும் கட்டு. 1ஆம் இலக்க முள்ளைப் பாலோமர் முடிச்சில் கட்டி, மிச்ச நூலை முள்ளின் கண் வழியாக மேலிருந்து கீழே விட்டால் முள் நிமிர்ந்து நிற்கும். ஓர் அடி கீழே 3/8 அவுன்ஸ் எடை. விடாமல் குலுக்க வேண்டாம். படகின் அசைவே போதும். 9 மீட்டருக்குக் கீழிருந்து மேலே கொண்டுவந்தால் காற்றுப்பை வீங்கி மீன் மல்லாந்து மிதக்கும். விடுவதற்காகப் பிடிப்பவர்கள் அந்த ஆழத்தைத் தவிர்ப்பதே நல்லது.

கேள்வி: மஸ்கி படகு வரைக்கும் பின்னாலேயே வருகிறது, கடிக்காமல் திரும்பிப் போகிறது. எட்டுப் போட்டும் பலனில்லை.

எட்டு என்பது படகருகே றொட் நுனியால் லூரை 8 வடிவில் சுற்றுவது. அதை எப்படிப் போடுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. மீனைக் கண்ட பிறகு எட்டுப் போடத் தொடங்கினால் இடையில் லூர் ஒரு கணம் நின்றுவிடும், அதோடு கதை முடிந்தது. கண்டாலும் காணாவிட்டாலும் ஒவ்வொரு எறிதலின் முடிவிலும் போடுங்கள். இருட்டில் இன்னும் கட்டாயம், அப்போது பின்னால் வருவது தெரியாது.

லீடருக்கும் (லூருக்கு முன்னால் கட்டும் பல்லுக்கு அறாத துண்டு) றொட் நுனிக்கும் இடையில் ஓர் அடி நூல் மிஞ்சும்போது சுற்றுவதை நிறுத்துங்கள். லீடரை நுனி வளையத்துக்குள் இழுத்தால் உள்ளே இருக்கும் பீங்கான் உடையும். லூரின் வேகம் குறையாமலே றொட் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி முதல் வளைவுக்குள் போங்கள். நாலடி மீன் குறுகிய வளைவில் திரும்ப முடியாது. பெரும்பாலோர் போடும் எட்டு ஒரு தட்டின் அளவுதான் இருக்கும். 8.5 அல்லது 9 அடி றொட்டைக் கை நீட்டிப் பிடித்து, முட்டை வடிவத்தில் எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு அகலமாகச் சுற்றுங்கள். நேர்ப்பகுதியில் சற்று வேகம், வெளிவளைவில் லூரை ஓரடி மேலே ஏற்றுங்கள். அடி விழுவது பெரும்பாலும் அந்த ஏற்றத்தில்தான்.

அடித்ததும் மேல்நோக்கித் தூக்கக் கூடாது. வாயிலிருந்து லூரைப் பிடுங்குவதாகிவிடும். மீன் பார்க்கும் திசைக்கு எதிர்த்திசையில் தண்ணீரோடு தண்ணீராக இழுங்கள். அவ்வளவு கிட்டத்தில் நூல் மிகக் குறைவாகவே வெளியே இருக்கும். ஆகவே ரீலின் ட்ராக் (நூல் வெளியேறுவதைத் தடுக்கும் பிடிப்பு) இறுக்கமாக இருந்தாலும் கட்டைவிரல் ஸ்பூலில் தயாராக இருக்கட்டும்.

நாலைந்து சுற்றுக்குப் பிறகு தாழ்ந்து மறைந்துவிட்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு, மாலை மங்கும் நேரத்தில் வேறு லூரோடு அதே கோணத்தில் வாருங்கள்.

கேள்வி: ஜூலைக் கடைசியில் லீவு. மஸ்கிக்கு எந்த லூர் வாங்க?

முதலில் ஒரு தெர்மாமீட்டர். மேற்பரப்பு 26, 27 டிகிரியைத் தொட்டால் மஸ்கியை விட்டுவிடுங்கள். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. போராடிக் களைத்த மீன் நீந்திப் போவதாகத் தெரிந்தாலும் பிறகு எங்கோ செத்து மிதக்கலாம். ஸ்கூகொக், ரைஸ் போன்ற ஆழமில்லாத ஏரிகளில் அது ஒதுங்கக் குளிர்ந்த அடித்தண்ணீரும் இல்லை. அந்த வாரம் பாஸுக்குப் போங்கள்.

கேள்வி: சரி, தண்ணீர் சரியாக இருந்தால்? பருவத்துக்குப் பருவம் மஸ்கி லூர் எப்படி மாறுகிறது?

ஜூனில் சிறியது. 5, 6 அங்குல பக்டெயில் (சுழலும் தகடும் மயிர் வாலும் கொண்டது) அல்லது க்ராங்க்பெய்ட் (இழுக்க ஆடியபடி முங்கும் மீன் வடிவ லூர்), புதிதாக முளைத்த பாசி இருக்கும் குடாக்களில். ஜூலை, ஆகஸ்டில் 20 முதல் 25 டிகிரிக்குள் இருக்கும்போது அதன் செரிமானம் உச்சத்தில் இருக்கும், வேகத்துக்கு மயங்கும். 8 அல்லது 10ஆம் இலக்க இரட்டைத் தகடு பக்டெயிலைப் பாசித் தலைக்கு மேல் வேகமாக இழுங்கள். 10ஆம் இலக்கம் தண்ணீரில் நன்றாகக் கனக்கும். 5.3:1க்கு மேற்பட்ட வேக ரீலில் அரைநாளில் தோள் விட்டுப்போகும். விடியலிலும் அந்தியிலும் மேற்பரப்பு லூர்.

செப்டெம்பரில் பாசி ஓரத்தின் வெளிப்பக்கம், 3 மீட்டர் அளவில், சூயிக் போன்ற ஜெர்க்பெய்ட்டும் (வெட்டி வெட்டி இழுப்பது) க்ளைட் பெய்ட்டும் (பக்கவாட்டில் வழுக்குவது). பழுத்துச் சாய்ந்த பாசியில் நேரத்தைக் கழிக்காதீர்கள், மிச்சமிருக்கும் பச்சைத் திட்டைத் தேடுங்கள். ஒக்டோபர், நவம்பரில் 9 முதல் 12 அங்குல ரப்பர் லூர், அல்லது பெரிய க்ராங்க்பெய்ட்டை மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ட்ரோலிங் (ஓடும் படகின் பின்னே இழுப்பது).

பெரிய லூருக்குத்தான் பெரிய மீன் என்பதை வேதமாக்க வேண்டாம். 65 இறாத்தல் எடையுள்ள ஒன்ராறியோச் சாதனை மஸ்கியை 1988 ஒக்டோபரில் மூன் ரிவர் முகத்துவாரத்தில் கென் ஓ'பிரையன் பிடித்தது ஒரு சின்ன ரபாலா லூரில். அவர் தேடிப் போனது வோலை என்ற வேறு மீனை! நிறம் கடைசிக் கவலை: கலங்கிய தண்ணீரில் கறுப்பும் செம்மஞ்சளும், தெளிந்த தண்ணீரில் பேர்ச் நிறமோ வெள்ளியோ.

கேள்வி: பாஸ் றொட்டிலேயே மஸ்கி பிடிக்கலாமா?

ஒருமுறை பிடிக்கலாம். 3 அவுன்ஸ் லூரை எறியும்போதே றொட் முறியக்கூடும், அல்லது அரைமணி நேரப் போராட்டத்தில் மீன் செத்துப்போகும். 80 இறாத்தல் பிரெய்ட், ஓரடி நீளத்தில் 100 இறாத்தலுக்குக் குறையாத ஃப்ளோரோகார்பன் அல்லது கம்பி லீடர், 8 அடிக்கு மேல் ஹெவி றொட். இதைவிட முக்கியம் மீனை விடுவதற்கான சாமான்: ரப்பர் பூசிய ஆழமான பெரிய வலை, 11 அங்குல மூக்குக் குறடு, முள் வெட்டும் கட்டர். வலை தண்ணீரிலேயே இருக்கட்டும், மீனும் அதற்குள்ளேயே. முள் ஆழமாக ஏறியிருந்தால் நோண்டாமல் வெட்டுங்கள். முள்ளின் விலை இரண்டு டொலர். தூக்கினால் ஒரு கை செவுள் மூடிக்குள், செவுளைத் தொடாமல், மறு கை வயிற்றின் கீழ், மீன் கிடையாக. தாடையில் தொங்கவிட்டுப் படம் எடுக்காதீர்கள்.

கேள்வி: ஒக்டோபரில் ஒரு வாரம் ஏரியே செத்ததுபோல இருந்தது.

ஏரி புரண்டிருக்கும். மேல்தண்ணீர் ஏறக்குறைய 10 முதல் 13 டிகிரிக்குக் குளிர்ந்து கனத்ததும் மேலும் கீழும் கலந்துவிடும். அழுகிய வாடை, மிதக்கும் பாசித் துண்டுகள், கலங்கல் ஆகியவை அடையாளம். மீன் எங்கும் சிதறி நிற்கும். காத்திருக்க மனமில்லையென்றால் ஆற்றுக்கோ, காற்று கோடை முழுக்கக் கலக்கிக்கொண்டே இருக்கும் ஸ்கூகொக் போன்ற தட்டை ஏரிக்கோ போங்கள்.

கேள்வி: நிறுத்தினால் நீரில் அப்படியே நிற்க வேண்டிய என் சஸ்பெண்டிங் ஜெர்க்பெய்ட் நவம்பரில் மிதக்கத் தொடங்கிவிட்டது. பழுதா?

பழுதில்லை. குளிர்ந்த தண்ணீர் அடர்த்தி கூடியது, இளஞ்சூட்டில் சமநிலையாக நின்ற லூர் அதில் மெல்ல மேலேறும். முன் கொக்கியின் தண்டில் மெல்லிய ஈயக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றிப் படகருகே விட்டுப் பாருங்கள்; மூக்கு சற்றுத் தாழ்ந்து அசையாமல் நின்றால் சரி. தேசியப் பூங்கா ஏரிகளில் 50 கிராமுக்குக் குறைந்த ஈய எடைகளுக்குத் தடை உண்டு. இரண்டு வெட்டு, பிறகு நிறுத்தம்: 10 டிகிரியில் ஐந்து நொடி, 6 டிகிரியில் பத்துப் பதினைந்து. எண்ணிப் பாருங்கள், மனக்கணக்கில் பத்து நொடி என்பது பெரும்பாலும் நாலுதான்.

கேள்வி: பிடித்தது பைக்கா மஸ்கியா என்று எப்படிச் சொல்வது?

பைக் மஸ்கியின் நெருங்கிய உறவு மீன். கரிய உடலில் வெளிர்ப் புள்ளி என்றால் பைக். வெளிர் உடலில் கரிய கோடோ புள்ளியோ என்றால் மஸ்கி. சந்தேகமென்றால் கீழ்த்தாடையின் அடியில் நுண்துளைகளை எண்ணுங்கள்: ஒரு பக்கத்தில் ஐந்தோ குறைவோ பைக், ஆறு முதல் ஒன்பது மஸ்கி.

கேள்வி: மஸ்கியைக் குழம்பு வைக்கலாமா?

கன்சர்வேஷன் லைசென்ஸ் (குறைந்த எண்ணிக்கை மீன்களுக்கான உரிமம்) என்றால் ஒன்றுகூட வைத்துக்கொள்ள முடியாது. ஸ்போர்ட் லைசென்ஸிலும் குறைந்தபட்ச நீள விதி உண்டு. ஜோர்ஜியன் குடாவில் அது 137 செ.மீ. அந்த அளவு மீன் பல ஆண்டுகளாக மற்ற மீன்களைத் தின்று பாதரசத்தைச் சேர்த்து வைத்திருக்கும். எந்த ஏரியில் எந்த நீள மீனை மாதம் எத்தனை முறை உண்ணலாம் என்று மாகாண அரசின் வழிகாட்டியில் அட்டவணை இருக்கிறது. சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தனி வரிசை. குழம்புக்குப் பேர்ச்சும் கிராப்பியும் போதும். பாஸ்தான் வேண்டுமென்றால் 35 செ.மீ.க்கு உட்பட்டதை எடுங்கள், கோடையில் தோலை உரித்துவிடுங்கள், சேற்று வாடை பாதி அதோடு போய்விடும்.