மடிக்கணினி வாங்கும்முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

"எந்த பிராண்ட் நல்லது?" என்று மட்டும் கேட்டு எழுதியவர்களுக்கு என்னால் பதில் சொல்ல இயலவில்லை. ஒரே நிறுவனம் 700 சிங்கப்பூர் வெள்ளிக்கும் விற்கிறது, 3,000 வெள்ளிக்கும் விற்கிறது. மூடியின்மேல் இருக்கும் முத்திரை இரண்டுக்கும் ஒன்றுதான். தம் தேவையையும் கையிருப்பையும் சொல்லிக் கேட்டவர்களின் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: வீட்டுக் கணக்கு, மின்னஞ்சல், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே அலுவலக வேலை. ஆயிரம் வெள்ளிக்குள் வாங்க வேண்டும். கடையில் 'ரைசன் 5' என்று எழுதிய இரண்டைக் காட்டுகிறார்கள். விலையில் சிறிதளவே வேறுபாடு. எதை எடுப்பது? (செங்காங் வாசகர்)

பதில்: 'ரைசன் 5' என்பது கணினியின் மூளையான சில்லின் பெயர். அதோடு நிறுத்திவிடாமல், அதன் பின்னால் வரும் நான்கு இலக்கங்களையும் படித்துப் பாருங்கள். 7000 வரிசையில் முதல் இலக்கம் அது வெளிவந்த ஆண்டைக் குறிக்கிறது. உள்ளே இருப்பது எந்தக் காலத்து வடிவமைப்பு என்பதை மூன்றாவது இலக்கம்தான் சொல்கிறது. 7520யூ என்பது 2019இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பில் அமைந்த, நான்கு கருக்கள் (கோர்) கொண்ட சில்லு. 7540யூ என்பதோ ஜென் 4 வடிவமைப்பில் ஆறு கருக்கள் கொண்டது. பெயரில் இரண்டும் அண்ணன் தம்பி போலத் தெரிந்தாலும் வேலையில் வெகுதூரம் விலகி நிற்பவை. நூறு வெள்ளி கூடினாலும் இரண்டாவதையே எடுக்கச் சொல்வேன்.

ஆனால், சில்லைவிட ரேமை, அதாவது வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகத்தை, பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். இன்று விற்கும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். "இப்போதைக்கு 8 ஜிபி போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம்" என்று நினைத்து வாங்கியவர்கள் ஒன்றரை ஆண்டு கழித்து என் பழுதுபார்க்கும் மேசைக்கு வருவார்கள். பின்மூடியைத் திருகிக் கழற்றி, ரேம் செருகும் இடமே இல்லாத பலகையைக் காட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கும். காணொளிக் கூட்டம் ஒன்றும் பிரவுசரில் பத்துப் பதினைந்து பக்கங்களும் சேர்ந்து திறந்திருந்தாலே 8 ஜிபி மூச்சு வாங்கத் தொடங்கிவிடும் என்பதால் 16 ஜிபியாகவே வாங்கிவிடுங்கள். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி அப்படியில்லை, பெரும்பாலானவற்றில் அதைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் 512 ஜிபியோடு தொடங்குவதில் தவறில்லை. விலைச்சீட்டில் எஸ்எஸ்டிக்குப் பதிலாக 'இஎம்எம்சி' என்னும் மெதுவான சேமிப்பகம் இருந்தால் மட்டும் நகர்ந்துவிடுங்கள்.

திரையையும் பின்னால் மாற்றுவது இலேசன்று. விவரத் தாளில், திரை காட்டக்கூடிய நிறங்களின் அளவு '45% என்டிஎஸ்சி' என்று இருந்தால் நிறங்கள் வெளிறித்தான் தெரியும். 300 நிட்ஸ் ஒளிர்வுக்குக் குறைந்த திரையை வரவேற்பறைச் சன்னலோரம் வைத்தால், பகல் வெளிச்சத்தில் எழுத்துக்கு முன்னால் உங்கள் முகமே தெரியும். கணினிக் கண்காட்சியில் சலுகையாகத் தரும் பை, மவுஸ், அச்சுப்பொறி ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டிப் பார்க்கும் நேரத்தில், விசைப்பலகையில் இரண்டு வரி தட்டிப் பார்ப்பது நல்லது.

கேள்வி: மகள் வரும் ஜனவரியில் உயர்நிலை ஒன்றுக்குப் போகிறாள். டிசம்பர் விற்பனையிலேயே வாங்கி வைத்துவிடலாமா? (ஈசூன் வாசகி)

பதில்: வேண்டாம். உயர்நிலைப் பள்ளிகளில் தனிப்பட்ட கற்றல் சாதனம் எது என்பதைப் பள்ளியே தீர்மானிக்கிறது. ஒரு பள்ளி குரோம்புக் (விண்டோஸுக்குப் பதில் கூகுளின் இயங்குதளம் கொண்ட மடிக்கணினி) என்று சொல்லும், அடுத்த பள்ளி ஐபேட் என்று சொல்லும். பள்ளி வழியாக வாங்கும்போது மாணவர்களுக்காக அரசு பணம் போடும் எடுசேவ் கணக்கிலிருந்து செலுத்தலாம்; குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கூடுதல் மானியமும் உண்டு.

கேள்வி: என் தாயாருக்கு வயது எழுபது. காணொளி அழைப்பு, தமிழ்ச் செய்தி, கொஞ்சம் தமிழில் எழுத்து. மடிக்கணினி தேவையா, கைக்கணினியே போதுமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: பார்க்கவும் பேசவும் மட்டும் என்றால் கைக்கணினி போதும். அவர் எழுத விரும்புகிறார் என்று நீங்கள் குறிப்பிட்டதால்தான் மடிக்கணினியைச் சொல்கிறேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11, மேக் இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது; தனியாக மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் 'அம்மா' வந்துவிடும். முதல் மகரத்தின்மேல் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். (இதற்கெல்லாம் முன்னோடியாக 1997இல் தமிழ் இணைய மாநாடு ஒன்று நம் சிங்கப்பூரில் கூடியது என்பதையும், அதற்கு நம் எழுத்தாளரும் கணினித் தமிழ் முன்னோடியுமான நா. கோவிந்தசாமி உழைத்ததையும் இளையவர்கள் பலர் அறிவதில்லை.) 15 அல்லது 16 அங்குலத் திரை எடுத்து, எழுத்தளவை 150 விழுக்காட்டுக்கு உயர்த்திக் கொடுங்கள். குரோம்புக் மலிவாகக் கிடைத்தால் அதன் புதுப்பிப்பு முடியும் தேதியை முதலில் பாருங்கள். 2021 முதல் வந்தவற்றுக்குத் தரப்படும் பத்தாண்டுப் புதுப்பிப்பு என்பது அந்த வகைச் சாதனம் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுவது. நீங்கள் பணம் கட்டிய நாளிலிருந்து அல்ல.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் கட்டடக்கலை படிக்கும் மகனுக்கு எது பொருத்தம்? அவன் மேக் கேட்கிறான். (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: கட்டட வரைவுக்கான ரெவிட் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்குவது. பாடத்திட்டத்தில் அது இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. தனி கிராஃபிக்ஸ் சில்லு தேவைப்படும்போது, அதற்கு எத்தனை வாட் மின்சாரம் கொடுக்கப்படுகிறது என்பதையும் கேளுங்கள். மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060 ஒன்று 35 வாட்டிலும் ஓடும், 115 வாட்டிலும் ஓடும், பெயர் மட்டும் மாறாது. இரண்டரைக் கிலோ எடையையும் செங்கல் போன்ற சார்ஜரையும் எம்ஆர்டி ரயிலில் அன்றாடம் சுமக்கப் போவது அவன் முதுகு என்பதால், கடைக்கு அவனையும் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய மடிக்கணினி 350 வெள்ளிக்குக் கிடைக்கிறது. நம்பலாமா? (பிடோக் வாசகர்)

பதில்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், இன்டெல் எட்டாம் தலைமுறைச் சில்லுக்கு முந்தியதைத் தொடாதீர்கள், விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஏறாது. பேட்டரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லி, புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போதைய கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும், பழுதான பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் கடைகளில் விற்கும் பழைய பொருள்களுக்கும் பொருந்தும்: ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், விற்கும்போதே அது இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லை என்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. தனிநபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. வாங்கிய பின் பூசை மாடத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். சாம்பிராணிப் புகையும் பஞ்சுத்தூசியும் சேர்ந்து விசிறியில் கம்பளிபோல் படிந்திருந்த ஒன்றைச் சென்ற மாதந்தான் பல்துலக்கியால் சுரண்டி எடுத்தேன்.

கேள்வி: ஊரில் கல்லூரி சேரும் தங்கைக்கு இங்கிருந்து வாங்கிக்கொண்டு போகலாமா? (துவாஸ் விடுதியிலிருந்து)

பதில்: கொண்டுபோகலாம், தம்பி. 18 வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு மடிக்கணினியைச் சுங்கத் தீர்வை இல்லாமல் இந்தியாவுக்குக் கொண்டுசெல்லலாம். ஆனால், வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு விமான நிலையத்தில் 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி திரும்பக் கிடைக்காது. அதைச் செலவாகவே கணக்கில் வைத்துக்கொண்டு, ஊர்க் கடை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உத்தரவாதம் இந்தியாவிலும் செல்லுமா என்று கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். செல்லாது என்றால், இருநூறு வெள்ளி மலிவாக இருந்தாலும் ஊரிலேயே வாங்கச் சொல்வேன். சார்ஜர் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். இந்தியாவில் சுவரில் சேராதது இங்குள்ள சதுர முனைப் பிளக் மட்டுந்தான். சார்ஜரிலிருந்து கழன்று வரும் வயராக இருந்தால், அதை மட்டும் அங்கே மாற்றிக்கொள்ளலாம்.