சுத்தமான கூண்டில் வளரும் ஆய்வக எலிக்குத் தோல் தொற்று எப்படி வருகிறது?

வடிகட்டிய காற்று, ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) தீனி என்று பார்த்துப் பார்த்து வளர்க்கும் எலிக்கு எங்கிருந்து தொற்று வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வக விலங்குக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், இப்படி வளர்க்கும் 'எஸ்பிஎஃப்' (குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாத) எலி என்றால் கிருமியே இல்லாத எலி இல்லை. பட்டியலில் இருக்கும் சில கிருமிகள் மட்டும் அதனிடம் இல்லை, அவ்வளவுதான். அதன் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் சைலோசஸ் போன்ற பாக்டீரியாக்கள் சாதாரணமாகவே குடியிருக்கும். பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. அதே கிருமி எந்த எலிமேல் இருக்கிறது என்பதில்தான் வம்பே.

கோரினிபாக்டீரியம் போவிஸ் என்ற பாக்டீரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். முடியும் தைமஸ் சுரப்பியும் இல்லாத நியூட் எலிக்கு, நோய் எதிர்ப்புக்கு வேண்டிய டி செல்கள் கிடையாது. மனிதப் புற்றுநோய்க் கட்டியை உள்ளே வைத்தாலும் உடம்பு எதிர்க்காது என்பதற்காகத்தான் அதை வளர்க்கிறோம். இந்தக் கிருமி ஒட்டினால் ஒரு வாரம், பத்து நாளில் முதுகெங்கும் வெள்ளைச் செதில் கிளம்பும், தோல் தடிக்கும். பிறகு செதில் தானாகவே உதிர்ந்து எலி தேறியது போலத் தெரியும். ஆனால் கிருமி போகாது. செதிலோடு சேர்ந்து படுக்கைத் தூளிலும், கையுறையிலும், கூண்டு மாற்றும் மேசையிலும் பரவிக்கொண்டே இருக்கும். முடியுள்ள சாதாரண எலி எந்த அறிகுறியும் காட்டாமல் சுமக்கும். எடை குறைந்தாலோ கட்டி சரியாக வளராவிட்டாலோ, மருந்தின் வேலையா, கிருமியின் வேலையா என்று ஆராய்ச்சியாளர் குழம்ப வேண்டியதுதான்.

தீனியிலோ தண்ணீரிலோ அமாக்சிசிலின் கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்பவும் வரும். என்னைக் கேட்டால், ஆன்டிபயாடிக்கை நம்பிக் காலம் கடத்துவதைவிட அந்தக் கூட்டத்தை நீக்கி, அறையைக் கிருமி நீக்கி, சுத்தமான எலிகளோடு புதிதாகத் தொடங்குவதே மேல். செலவுதான், மறுக்கவில்லை.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வேறு ரகம். ஆண் எலிகள் சண்டை போட்டுக் கடித்த இடத்திலும், குறிமுனைத் தோலருகே உள்ள சுரப்பியிலும், நியூட் எலிக்குக் கண்ணைச் சுற்றியும் சீழ்க்கட்டி வரும். எலிக்கென்றே பழகிப்போன ஆரியஸ் வகைகளும் இனப்பெருக்கக் கூடங்களில் இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு முறையும் பராமரிப்பவர் கையைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

அப்புறம் ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கும் சி57 என்ற கறுப்பு எலி வகை. பிடரியிலும் தோளிலும் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளும். அந்தப் புண்ணில் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் துடைத்த மாதிரி) எடுத்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் கிடைக்கும், உடனே அதுதான் காரணம் என்று எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் அரிப்பும் சொறிதலும்தான் முதலில், கிருமி பின்னால் வந்து ஏறிக்கொள்வது. களிம்பு தடவுவதைவிடப் பின்னங்கால் நகத்தை வெட்டிவிடுவது பல எலிகளுக்கு நன்றாகக் கேட்கிறது.

உங்கள் கூடத்தில் நியூட் எலி இருந்தால் சந்தேகத்துக்குக் கல்ச்சரை (கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனையை) மட்டும் நம்பாதீர்கள். போவிஸ் மெதுவாக வளரும், வேகமாக வளரும் மற்றவை தட்டை நிரப்பிவிடும். தோல் ஸ்வாப் எடுத்துப் பிசிஆர் (கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சோதனை) செய்யுங்கள். வெளியிலிருந்து வரும் கட்டித் திசுவையும் எலிக்குள் வைக்கும் முன்பே சோதித்துவிடுங்கள், கிருமி அதன் வழியாகவும் வரும்.