வந்தது பிழையா?

கேள்வி: நான் சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் சுற்றுலா முகாமைத்துவம் கடைசி வருடம் படிக்கிறேன். சொந்த இடம் திருகோணமலை உப்புவெளி. அப்பா சீசனில் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு ஓட்டுகிறார். போன வருடம் ஜெர்மனியில் ஒரு ஹோட்டலில் ஆறு மாதப் பயிற்சி கிடைத்தது. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துத்தான் டிக்கெட் எடுத்தோம். பயிற்சி முடிந்ததும் மாசி மாதம் வந்துவிட்டேன். ஹம் நகரத்தில் இருக்கும் மாமா "நில், ஏதாவது வழி பார்ப்பம்" என்று சொல்லியும் நான் கேட்கவில்லை. இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை. ஊரில் காண்கிறவர்கள் எல்லாம் "ஏன் பிள்ளை வந்தனீ, அனுப்பிப் போட்டாங்களோ?" என்கிறார்கள். கம்பஸ் திறக்கும்வரை நிலாவெளியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நிற்கிறேன். அங்கே எதிலும் ஒழுங்கில்லை, மீன், இறால் பெட்டிகளில் திகதிகூட இல்லை. இருபது வருடமாக அடுப்படியில் நிற்கும் பெரிய குக்கிடம், மூன்று பொடியன்மாருக்கு முன்னால், "ஜெர்மனியில் இப்படி வைத்தால் கடையை மூடிவிடுவார்கள்" என்றேன். சொன்னால் "ஜெர்மன்காரி" என்று பட்டம் வைத்துச் சிரிக்கிறார்கள். இரவில் நித்திரை வருவதில்லை. அங்கேயும் என் இடமில்லை, இங்கேயும் இல்லை என்பது போல இருக்கிறது. நான் வந்தது பிழையா? திரும்பப் போகலாமா?
- பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்:

மகள், வந்தது பிழையில்லை. திரும்பப் போகலாம், ஆனால் இப்போது வேண்டாம், மாமா சொன்ன வழியிலும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அதில் ஓரிடத்தில்கூட "எனக்கு ஜெர்மனியில் வாழ விருப்பம்" என்று நீங்கள் எழுதவில்லை. மாமா பேசவில்லை, ஊர் கேட்கிறது, சமையலறையில் சிரிக்கிறார்கள், அதனால் போய்விடலாமா என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். இங்கே இருப்பவர்களின் வாயை அடைக்க ஒருவர் பிளேன் ஏறத் தேவையில்லை. போவது என்றால் அதற்கென்று தனியாக ஒரு காரணம் வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் இந்த ஊரை எடுங்கள். "அனுப்பிப் போட்டாங்களோ" என்று கேட்கிறவர் எல்லாரும் கெட்ட மனதோடு கேட்பதாக நினைக்க வேண்டாம். திருகோணமலையில் வெளிநாடு போனவர் என்றால் எங்களுக்கு இரண்டு வகைதான் தெரியும். கனடா, ஐரோப்பா என்று போய் அங்கேயே நின்றவர்கள் ஒன்று. கட்டார், டுபாய், சவூதி என்று போய் ஒப்பந்தம் முடிய வீடு கட்டக் காசோடு வந்தவர்கள் மற்றது. படிப்பின் ஒரு பகுதியாகப் போய், திகதி முடிய, சொன்னபடி, வெறும் கையோடு வந்த பிள்ளையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த கதையாக்கிக் கேட்கிறார்கள். இதற்கு நீளமாக விளக்கம் சொல்லப் போனால் சந்தேகம்தான் கூடும். "டிரெய்னிங் முடிஞ்சுது மாமி, இனி கடைசி வருசம் படிச்சு முடிக்க வேணும்" என்பதோடு நிறுத்துங்கள். அடுத்த தெருவில் ஒரு கலியாணம் வந்தால் உங்கள் கதை பழசாகிவிடும்.

மாமாவின் கதை அப்படி இல்லை, அதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அவர் எந்த வருடம் போனார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் 83 இனக்கலவரத்துக்குப் பிறகு ஜெர்மனிக்குப் போன எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் அகதி விண்ணப்பத்தோடு இறங்கியவர்கள். அந்தத் தலைமுறைக்குத் திரும்பி வருவது என்பது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமாகவே இருக்கவில்லை. வந்திருந்தால் உயிர் போயிருக்கலாம். அதனால்தான் அவர்கள் ஊரை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு மாமா உங்களை நிச்சயம் கூட்டிப் போயிருப்பார். 2002இல் குடமுழுக்குச் செய்த அந்தக் கோயிலின் தேருக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து சனம் வரும். தீர்த்தத்துக்கு அம்மன் இறங்குவது கோயிலுக்குப் பக்கத்தில் கப்பல் போகிற கால்வாயில். கோணேசர் கோயிலைக் கடலோடு பார்த்து வளர்ந்த ஒரு மனிதர் அந்தக் கால்வாயில் தீர்த்தம் ஆடப் பழகியிருக்கிறார். அவரிடம் போய், கதவு திறந்திருக்கும்போதே நீங்கள் வெளியே நடந்து வந்தீர்கள். அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அவர் சொன்ன வழி இன்றைக்குச் சரிவராது. அதைச் சொல்ல நீங்கள் தயங்க வேண்டியதில்லை. பயிற்சிக்குக் கொடுத்த விசா பயிற்சிக்கு மட்டும்தான். திகதி தாண்டி நின்றிருந்தால் அது பதிவாகும். வெளியேற்றி, மீண்டும் வரத் தடை போட்டால், அந்தத் தடை ஜெர்மனியோடு முடியாமல் பொது விசா உள்ள ஐரோப்பிய ஷெங்கன் நாடுகள் 29இலும் செல்லும். பட்டமும் பாதியில் நின்றிருக்கும். இப்போது உங்கள் கடவுச்சீட்டில் போன முத்திரையும் இருக்கிறது, நேரத்துக்கு வெளியேறிய முத்திரையும் இருக்கிறது. அடுத்த முறை எந்தத் தூதரகத்தில் விண்ணப்பித்தாலும் அந்த இரண்டாவது முத்திரை உங்களுக்காகப் பேசும். மாமா உங்களிடம் பேசும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே எடுங்கள். விசாக் கதையை முதலில் தொடாதீர்கள். அவர் போன பயணத்தைக் கேளுங்கள். எந்த வழியாகப் போனார், முதல் குளிருக்கு யார் உடுப்புக் கொடுத்தார்கள் என்று. எங்கள் குடும்பங்களில் இந்தக் கதைகளைப் பிள்ளைகள் கேட்பதே இல்லை என்பது என்னுடைய நெடுநாள் ஆதங்கம்.

இனிச் சமையலறை. இதில் நான் முழுக்க உங்கள் பக்கம் இல்லை, மகள்.

நீங்கள் எழுதியிருக்கும் சண்டை எனக்குக் கண்முன் தெரிகிறது. காலையில் வந்த பாரையும் கணவாயும் ஒரு பெட்டியில், முந்தநாள் இறால் அதே மாதிரி இன்னொரு பெட்டியில், எதிலும் திகதி இல்லை. ஜெர்மனியில் ஒவ்வொரு பெட்டியிலும் திறந்த திகதியும் பொருளின் பெயரும் எழுதி ஒட்டாமல் குளிரறைக்குள் வைக்க விடமாட்டார்கள். நீங்கள் அதைச் சொன்னீர்கள். எப்படிச் சொன்னீர்கள் என்பதையும் நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள்: "ஜெர்மனியில் இப்படி வைத்தால் கடையை மூடிவிடுவார்கள்" என்று, பெரிய குக்கிடம், மூன்று பொடியன்மாருக்கு முன்னால். இருபது வருடமாக அடுப்படியில் நிற்கும் மனிதர் அதைக் கேட்டுச் சிரிக்காமல் விட்டால்தான் ஆச்சரியம்.

சொன்ன விஷயம் சரி. எடுத்த காரணம்தான் தூரத்தில் இருக்கிறது. உணவில் கிருமி வேகமாகப் பெருகுவது 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடையில். வைகாசி, ஆனியில் நிலாவெளிச் சமையலறை எந்தப் பாகையில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கரன்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை குளிர்ப்பெட்டி என்ன பாடுபடும் என்றும் தெரியும். வெளியிலேயே குளிராகக் கிடக்கும் ஜெர்மனிக்காரனைவிட எங்களுக்குத்தான் அந்தத் துண்டுக் கடதாசி அதிகம் தேவை. காரணத்தை இங்கிருந்து எடுத்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். அதைவிட, பேசவே வேண்டாம். ஒரு மார்க்கர் பேனையும் ஒரு உருளை ஒட்டுத்தாளும் உங்கள் காசில் வாங்குங்கள். உங்கள் கைக்கு வரும் பெட்டிகளில் மட்டும் எழுதுங்கள். மற்றவர் பெட்டியைத் தொடாதீர்கள். ஒரு நாள் அவசரத்தில் யாராவது "இது எப்ப வாங்கின இறால்?" என்று கத்துவார்கள், உங்கள் பெட்டிக்குத்தான் பதில் இருக்கும். பெரிய குக் உங்களிடம் பேனையைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், ஒரு சொல்லும் சொல்லாமல்.

"ஜெர்மன்காரி" என்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். எங்கள் ஊரில் பட்டம் இல்லாத ஆள் யார்? பட்டம் வைத்துவிட்டார்கள் என்றால் பாதி சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

அங்கேயும் இங்கேயும் இடமில்லை என்ற உணர்வைப் பற்றி ஒன்று சொல்கிறேன். இது உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1955இலேயே லிஸ்கோர்ட் என்ற நோர்வே நாட்டு ஆய்வாளர், புலமைப்பரிசிலில் அமெரிக்கா போய்வந்த தன் நாட்டவரை ஆராய்ந்து, புது நாட்டில் மனம் முதலில் உயர்ந்து, பிறகு விழுந்து, பிறகு எழும்புகிறது என்று எழுதினார். 1963இல் குல்லஹோர்ன் என்ற அமெரிக்கத் தம்பதியர், வீடு திரும்பிய பிறகும் அதே விழுகையும் எழும்புகையும் மறுபடி நடக்கிறது என்று சேர்த்தார்கள். ஆங்கில டபிள்யூ எழுத்துப் போல. எல்லாருக்கும் அப்படியே கோடு போட்ட மாதிரி நடப்பதில்லை என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள், அதுவும் உண்மை. ஆனால் திரும்பி வந்த பலருக்கும் தடுமாற்றம் வருகிறது. போகும்போது குளிருக்கு ஜாக்கெட், மருந்து, மிளகாய்த்தூள் என்று ஆயத்தம் செய்து அனுப்புகிறோம். வரும்போது ஆயத்தம் எதுவும் இல்லை, சொந்த வீடுதானே என்று விட்டுவிடுகிறோம். நித்திரை இல்லாத நிலை இன்னும் இரண்டு மூன்று கிழமை நீடித்தால் மட்டும் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம், அல்லது உங்கள் குடும்ப வைத்தியரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

சங்கிலி. இதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், ஆனால் உங்கள் நித்திரையைக் கெடுப்பதில் பாதி இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆறு மாதம் யூரோவில் சம்பளம் எடுத்த பிள்ளையிடம் காசு இருக்கும் என்று வீட்டில் நினைத்திருப்பார்கள், கேட்கக் கூச்சப்படுவார்கள். பயிற்சிக் கொடுப்பனவில் அறை வாடகையும் சாப்பாடும் காப்புறுதியும் போக என்ன மிஞ்சும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு கொப்பித்தாளை எடுத்து, வந்தது எவ்வளவு, எதற்குப் போனது, மிச்சம் எவ்வளவு என்று எழுதி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முன்னால் வையுங்கள். அடகு வைத்து வாங்கிய தொகை, வட்டி, மீட்கும் திகதி ஆகியவற்றையும் பக்கத்தில் எழுதுங்கள். சீசன் சம்பளம் முதலில் அதற்குப் போகட்டும். தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போகும், அதற்குப் பிறகு யார் என்ன ஆறுதல் சொல்லியும் பயனில்லை.

சரி, இனிப் போவதைப் பற்றி. உண்மையாகவே போக விருப்பம் இருந்தால் நேர்வழி இருக்கிறது, அதுவும் மாமா போன காலத்தில் இல்லாத வழி. ஜெர்மனி 2024 ஜூனிலிருந்து, வேலை தேடிப் போக "சான்சன்கார்ட்டே" என்ற வாய்ப்பு அட்டை கொடுக்கிறது. ஒரு வருடம் நின்று தேடலாம். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பட்டமோ தொழிற்தகைமையோ கையில் வேண்டும், ஜெர்மன் அல்லது ஆங்கில மொழித்தகுதி வேண்டும், செலவுக்குக் காசு இருப்பதைக் காட்ட வேண்டும். ஆகவே கடைசி வருடத்தை முடிக்காமல் அந்தப் பக்கம் நினைக்கவே முடியாது. ஆறு மாதத்தில் காதில் விழுந்த ஜெர்மனை மறக்க விடாதீர்கள், கொழும்பில் கோதே நிறுவனத்தில் பரீட்சை எழுதலாம்.

மேல்படிப்பு என்றால் இன்னும் சுவாரசியம். ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் டாட் (DAAD) அமைப்பு, வளர்முக நாட்டவருக்கான முதுகலைக் கற்கைகளுக்குக் கொடுக்கும் புலமைப்பரிசிலுக்குப் பட்டத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறது. பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசிலும் இரண்டு வருட அனுபவம் கேட்கிறது. படிப்பு முடிந்ததும் இரண்டு வருடமாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை போடுகிறது. அமெரிக்காவின் புல்பிரைட் புலமைப்பரிசிலில் போகிறவர்களுக்கும் அந்த இரண்டு வருடம் உண்டு. உங்கள் துறைக்குப் பொருந்தும் கற்கைநெறி இருக்கிறதா என்று அந்தந்த வருடப் பட்டியலில் பாருங்கள். ஊர் உங்களைப் பார்த்து "ஏன் வந்தனீ" என்று கேட்கிற அதே விஷயத்தை இவர்கள் விண்ணப்பப் படிவத்தில் வாக்குறுதியாக எழுதி வாங்குகிறார்கள். நீங்கள் ஏற்கெனவே ஒரு முறை அப்படிச் செய்து காட்டிவிட்டீர்கள்.

ஆகவே நிலாவெளிச் சமையலறையில் நீங்கள் நிற்கும் நாளும் கணக்கில் வரும். பட்டம் முடிந்ததும் இதே கரையில் இரண்டு வருடம் வேலை செய்யுங்கள், முடிந்தால் சமையலறையோடு நிற்காமல் முன்பதிவு, அலுவலகம் என்று மற்றப் பக்கங்களையும் பார்த்து. சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை நிரம்பி, மாரிக்கடல் கொந்தளிக்கும்போது வெறிச்சோடும் ஒரு கரையில் ஹோட்டல் நடத்துவது எப்படி என்பதை ஜெர்மனியில் யாரும் உங்களுக்குச் சொல்லித் தரமாட்டார்கள்.

ஒரு அவசர வேலை. பயிற்சி செய்த ஹோட்டலிடமிருந்து எழுத்துமூலச் சான்று வாங்கினீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்டால் ஜெர்மனியில் பொதுவாகக் கொடுப்பார்கள். "ஆறு மாதம் இங்கே இருந்தார்" என்ற ஒற்றை வரித் துண்டு போதாது. எந்தெந்தப் பிரிவில் நின்றீர்கள், என்ன செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று முழுதாக எழுதிக் கேளுங்கள். பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டிய பயிற்சி அறிக்கைக்கும் அது உதவும். இந்தக் கிழமையே மின்னஞ்சல் போடுங்கள், உங்களை மேற்பார்த்தவர் இன்னும் அதே ஹோட்டலில் இருக்கும்போதே.